ஒண்ணாவது எந்தப் பாட்டு?

டிவி கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று நான் சொன்னால் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். மீதியையும் சொன்னால் மூடிக்கொள்வார்கள். எங்கள் கம்பெனியில் செய்தது டிவி இல்லை. டிவிக்கு முன்பக்கம் வருகிற கறுப்பு பிளாஸ்டிக் சட்டமும் பின்பக்கம் வருகிற மூடியும்தான். உள்ளே படம் தெரிய வைக்கிற சாமான்களை எங்கேயோ யாரோ வைத்துப் பூட்டினார்கள். நாங்கள் ஓட்டையை மட்டும் செய்து அனுப்பினோம் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். யாராவது வேறு ஆள் சொன்னால் கோபம் வரும்.

1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் அப்போது ஷெட் போட்ட கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ஏரி, பொட்டல், வேலிக்காத்தான். எனக்குப் பத்தொன்பது வயது. மோல்டிங் மெஷினிலிருந்து சூடாக வந்து விழுகிற சட்டத்தின் ஓரமெல்லாம் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை பிளேடால் சீவி எடுப்பது எங்கள் லைன் வேலை. எட்டுப் பெண்கள், நாலு டேபிள், ஆளுக்கு எதிரே ஒரு ஆள். எனக்கு எதிரே நின்றவளை எதிர் டேபிள் என்றே சொல்லப்போகிறேன். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவாள். எழுதாவிட்டாலும் வருவாள், அது வேறு விஷயம்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கறுப்புச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? எங்களுக்கு ஆனது இதுதான்: சீவி முடித்த சட்டத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "வணக்கம் நேயர்களே" என்று ஆரம்பித்துவிடுவோம். ஒருத்தி செய்தி வாசிப்பாள். ஒருத்தி வயலில் பூச்சி மருந்து அடிப்பது எப்படி என்று விளக்குவாள். எதிர் டேபிள் மட்டும் எப்போதும் ஒரே நிகழ்ச்சிதான் நடத்துவாள். பத்து.

பத்து என்பது வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வருகிற பாட்டு நிகழ்ச்சி. அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. எங்கள் லைனில் அதற்கு யாரும் மரியாதை கொடுக்கவில்லை. தமிழ்நாடு பூராவும் ஜனங்கள் தங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைத் தபால் அட்டையில் எழுதிப் போடுவார்கள். எந்தப் பாட்டுக்கு அட்டை அதிகமோ அது மேலே ஏறும். பத்தாவது பாட்டில் ஆரம்பித்து ஒன்றாவது பாட்டில் முடியும். நடுவில், கழுத்து வரை மூடிய ஜாக்கெட் போட்டு, தலை நிறைய கனகாம்பரம் வைத்த ஒரு அம்மா வந்து, வாரத்துக்கு ஒரே ஒரு அட்டையை எடுத்து கேமராவுக்கு நேரே காட்டி, எழுதியவர் பெயரையும் ஊரையும் வாசிப்பார். அந்த ஒரு அட்டைக்காக நாங்கள் வியாழக்கிழமைகளில் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டோம்.

வியாழக்கிழமை எட்டு மணி வரை ஓவர்டைம் இருக்கும். ஆனால் கேண்டீனில் ஒரு டிவி இருந்தது. எங்கள் சட்டம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகக் கம்பெனிக்குக் கொடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதற்குப் பின்மூடி கிடையாது. நாளெல்லாம் பின்மூடி செய்கிற கம்பெனியில் இருந்த ஒரே டிவி முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், சட்டம் ஒன்று குறைந்தாலும் மூன்று தடவை எண்ண வைக்கிற ஆள். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, டீ பிரேக்கை வியாழக்கிழமை மட்டும் ஆறே முக்காலுக்குத் தள்ளிவைத்தோம். பதினைந்து நிமிஷம்தான். ஆக, பத்திலிருந்து ஆறு வரை எங்களுக்குக் கிடையாது. நாங்கள் பார்த்தது ஐந்திலிருந்து ஒன்று.

"பாட்டு கேக்கதுக்கு பிரேக்கு விட்டேம்னு மொதலாளி காதுல விழுந்துச்சுன்னா என் தலை உருளும், என்ன?" என்பார் சூப்பர்வைசர். சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் அவர்தான் உட்காருவார்.

சித்திரை மாதம் எதிர் டேபிளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆரணிப் பக்கம் மாப்பிள்ளை. ரைஸ் மில்லில் எலக்ட்ரீஷியன். ஒரு வெள்ளிக்கிழமை. நான் அவள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, பஜ்ஜித் தட்டைக் கொடுத்தனுப்புவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். பெரியவர்கள் நிலம், நகை, கோத்திரம் எல்லாம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "நீ ஏதாவது கேக்கணும்னா கேளுடா" என்றார். மாப்பிள்ளை காது வரை சிவந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து பத்துல ஒண்ணாவது எந்தப் பாட்டு வந்துது? எங்க ஊர்ல கரண்ட் பூட்ச்சி."

எதிர் டேபிள் நிமிர்ந்து பார்த்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின நாளே லீவு போட்டிருந்ததால், அந்த வாரம் அவள் பத்தை முழுசாகப் பார்த்திருந்தாள். ஒன்றாவது என்ன, வரிசையாகப் பத்தையும் சொல்லிவிட்டு, "ஆனா எனக்குப் புடிச்சது பத்தாவதா புதுசா வந்துகீதே, அந்தக் குடப் பாட்டு" என்றாள். மழையில் கதாநாயகியின் குடை பறந்து போய்விடும், ஊரே துரத்திக்கொண்டு ஓடும், அந்தப் பாட்டு. மாப்பிள்ளை முதல் தடவையாகச் சிரித்தார். "எனக்கும் அதான்" என்றார். கதவுக்குப் பின்னால் நான் ஒரு பஜ்ஜியை அப்படியே முழுசாக விழுங்கிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரமே பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு.

அப்புறம் மே மாதம் வந்தது. எங்கள் ஊரான ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஒரு பெரிய தலைவரும் அவரோடு நின்றிருந்த பலரும் இறந்துபோனார்கள். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. எங்களுக்கு நடந்தது சின்ன விஷயம்தான்: எங்கள் ஊர்ப் பெயர் எங்களுடையதாக இல்லாமல் போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் எந்த ஊரும்மா என்று கேட்டு, நாம் சொன்னதும், முகம் மாறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தினமும் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வரும், அதற்குப் பக்கத்தில் ஒரு தடவைகூட நல்ல வார்த்தை வராது.

ஆரணியிலிருந்து ஆள் வந்து, கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். பிறகு தை என்பதும் போய், "பாக்கலாம்" என்ற சொல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எங்கள் ஊரில் காலை வைக்கவே பயமாம். அங்கே எப்படிச் சம்பந்தம் வைத்துக்கொள்வது என்று புலம்பினாராம். செய்யாறில் வேறு பெண் இருக்கிறதாம் என்று தரகர் மூலம் காதில் விழுந்தது. எதிர் டேபிள் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து "வணக்கம் நேயர்களே" சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. எதிரே நிற்கிறவள் சிரிக்காவிட்டால் எட்டு மணி நேர ஷிப்ட் பதினாறு மணி நேரமாகிவிடும்.

குடைப் பாட்டு மட்டும் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. ஆடி முடியும்போது நாலாவது.

திட்டம் போட்டவள் நான்தான். வேறு யார் மேலும் பழி போடப்போவதில்லை. "அந்த ஆரணி அம்மா வூட்ல வியாழக்கெழம ஆனா பத்து ஓடுமா ஓடாதா?" என்று கேட்டேன்.

"ஓடும். அவரு ஆறு மணிக்கே மில்லுலருந்து வந்துடுவாராம்."

"அப்ப, உன் பேரையும் நம்ம ஊர் பேரையும் அந்தக் கனகாம்பரம் சிரிச்சுகினே படிச்சா? பின்னாடியே குடப் பாட்டு வந்தா? அந்த அம்மாவுக்கு பயம் போவுமா போவாதா?"

எதிர் டேபிள் பிளேடைக் கீழே வைத்தாள். "மூட்ட மூட்டயா அட்ட வருமாம்டி. நம்மளுது எப்டி அது கையில மாட்டும்?"

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கண்ணில் படுகிற மாதிரி அட்டை போட்டால் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்? தபால் அட்டையையே டிவியாக மாற்றிவிடலாம் என்றேன். நான் நன்றாக வரைவேன். இன்றைக்கும் வரைவேன், யாரும் கேட்பதில்லை. அட்டைப் பெட்டிமேல் நம்பர் எழுத வைத்திருந்த தடிமனான கறுப்பு மார்க்கரை எடுத்தேன். விலாசம் எழுதாத பக்கத்தில், நாலு ஓரத்திலும் பட்டையாகக் கறுப்புச் சட்டம். மூலைகளை எங்கள் மோல்டில் வருகிற அதே வளைவோடு போட்டேன். வலது பக்கம் கீழே பொடியாக இரண்டு திருகு. நடுவில் பாட்டின் பெயர், அதற்குக் கீழே எதிர் டேபிளின் பெயர், அதற்கும் கீழே ஸ்ரீபெரும்புதூர். இப்படி நாற்பது அட்டை. எட்டுப் பேரும் பகிர்ந்து வாங்கி வந்தோம். நான் விரல் கறுத்துப்போகும் வரை வரைந்தேன். சூப்பர்வைசர் ஒன்றை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நம்ம பிரேம் அச்சு அசலா அப்படியே இருக்குல்லா" என்று மெச்சினார்.

கறுப்பு ஓரம் போட்ட அட்டை எங்கள் பக்கத்தில் எதற்கு வரும் என்று தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லும். சாவுக்கு வரும், கருமாதிக்கு வரும். வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஒன்பது பேர் இருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. நாளெல்லாம் கறுப்புக் கட்டத்தைச் சீவிச் சீவி, கறுப்புக் கட்டம் என்றால் எங்களுக்கு டிவி. வேறு எதுவுமே இல்லை.

போஸ்ட் ஆபீஸில் இருந்தவர் மட்டும் அட்டைக் கட்டை வாங்கும்போது மேல் அட்டையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நெறைய பேருக்குச் சொல்லணும் போல கீதேம்மா" என்றார். "ஆமா சார், தமிழ்நாடு பூரா தெரியணும்" என்றேன் நான். சொல்லிவிட்டு நானும் எதிர் டேபிளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் எங்களைப் பார்த்த பார்வை பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. கனகாம்பரம் அம்மா யாரோ கோவில்பட்டிக்காரர் அட்டையையும் யாரோ கும்பகோணத்து அட்டையையும் வாசித்தார். குடைப் பாட்டு மூன்றாவது இடத்துக்கு வந்தது. மூன்றாவது வியாழன் கேண்டீனில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஐந்து முடிந்தது, நாலு முடிந்தது, மூன்றும் முடிந்தது. அதில் குடைப் பாட்டு இல்லை. ஒன்று மேலே போயிருக்க வேண்டும், இல்லை அடியோடு கீழே போயிருக்க வேண்டும். எதிர் டேபிள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அந்த அம்மா திரையில் வந்தார். கையில் ஒரு அட்டை. கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினார். என் சட்டம். என் வளைவு.

"இந்த வார அட்டை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து" என்று ஆரம்பித்து, எதிர் டேபிளின் பெயரை முழுசாக, இனிஷியலோடு வாசித்தார். கொஞ்சம் நிறுத்தி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "நான் முதலில் பயந்தே போய்விட்டேன், இவர் டிவியை வரைந்திருக்கிறார்! இவ்வளவு அழகான டிவியை அனுப்பிய ஊருக்காகவே இந்தப் பாட்டு" என்றார்.

குடை பறந்தது.

நாங்கள் என்ன செய்தோம் என்று கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. யாரோ பெஞ்சின் மேல் ஏறினார்கள், பெஞ்ச் சாய்ந்தது, டீ கொட்டியது. எதிர் டேபிள் தன் பெயரைத் தானே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? செய்தியில் வராமல், யாரும் செத்துப்போகாமல், எங்கள் ஊர்ப் பெயரை ஒருத்தர் சிரித்த முகத்தோடு சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் அது இரண்டாவது இடம் என்பது உறைத்தது. ஒன்றாவதாக ஏதோ ஒரு சோகப் பாட்டு வந்தது, யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் வருத்தம் எதிர் டேபிளுக்கு மட்டும். "அவரு பாத்துகினு இருப்பாருல்ல. ஒண்ணாவதா வந்துருந்தா இன்னும் நல்லா இருந்துருக்கும்" என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. மில்லில் மோட்டார் எரிந்துபோய், அன்றைக்கு அவர் வீட்டுக்கு வர லேட். பார்த்துக்கொண்டிருந்தது அவர் அம்மா. ஆரணியில் அவர்கள் வீட்டுப் பெட்டியில் படம் எப்போதும் மழை பெய்தபடிதான் தெரியும். அந்த மழைக்கு நடுவே ஒரு அட்டை வந்தது. உள்ளே இருந்த எழுத்தோ பொடித் திருகோ அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பட்டையான கறுப்பு ஓரம் மட்டும் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்று காதில் விழுந்தது. தான் பூ வைத்துவிட்டு வந்த பெண்ணின் பெயர் விழுந்தது.

உடனே கரண்ட் போய்விட்டது.

மறுநாள் நடந்ததில் முன்பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் பார்த்த அத்தனை பேரும் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. எல்லாருடையதிலும் பொதுவாக இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சாவுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை, கேள்விப்பட்டால் கிளம்பிவிட வேண்டியதுதான். விடிந்ததும் அந்த அம்மா மகனை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார். காஞ்சிபுரத்தில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கினார்கள். இன்னொரு பஸ். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, கோயிலுக்குப் பின்னால் எதிர் டேபிளின் தெரு முனை வந்ததுமே, அந்த அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாராம்.

"நான் வாழவெக்கப் போறேன்னு நெனச்சியே என் கண்ணு!"

எதிர் டேபிளின் அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அலறி வருவதைப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஐயோ மாப்ளே!" என்று எதிரே ஓடினார். நடுத் தெருவில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒருவர் மருமகளுக்காக, ஒருவர் மருமகனுக்காக. அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள், யாருக்கு என்று தெரியாமலே. இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, தெரு முனையிலிருந்து மாப்பிள்ளை மாலைப் பொட்டலத்தோடு மெதுவாக நடந்து வந்தார்.

எதிர் டேபிளின் அம்மா அழுகையை நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப யாரு செத்தது?" என்றார்.

"உன் பொண்ணு!" என்றார் சம்பந்தி.

"அவ கம்பெனிக்குப் போய்கீறாளே!"

அந்த அம்மா நம்பவில்லை. துக்கம் தாங்காமல் பெற்றவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். கண்ணால் காட்டு என்று ஒற்றைக் காலில் நின்றார். எல்லாரும் ஒரகடம் பஸ்ஸில் ஏறினார்கள்.

இனி நான் கண்ணால் பார்த்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். முந்தின நாள் டிவியில் வந்தவள் அல்லவா, எதிர் டேபிளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவள் சீவியதைவிடப் பேசியதுதான் அதிகம். ஒரு சட்டத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "வணக்கம் நேயர்களே, இந்த வார அட்டை" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பின்னால் ஷெட் கதவு திறந்தது. வாட்ச்மேன், அவருக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ட காட்சி என்னவென்றால், கறுப்புச் சட்டம் போட்ட ஒரு படத்துக்குள்ளே அந்தப் பெண்ணின் முகம். அவர் "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் படம் அவரைப் பார்த்து, "அத்த! வாங்கத்த!" என்றது.

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெஷின்காரன் மெஷினை நிறுத்தினான். எதிர் டேபிள் சட்டத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கிய கையிலேயே படார் படார் என்று நாலு அடி வைத்தார் அந்த அம்மா. "ஏண்டி, உசுரோட கீறவ கறுப்பு அட்ட போடுவாளாடி?" என்றார். அப்புறம் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார், பிளாஸ்டிக் தூளெல்லாம் அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

"வரைஞ்சது நான்தாங்க" என்றேன். எனக்கும் இரண்டு விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது அட்டை! எல்லாரையும் போல நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் அவிழ்ந்த தலையையும் வீங்கிய கண்ணையும் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. ராத்திரி பூரா அழுதிருக்கிறார், நான் மார்க்கரால் போட்ட ஒரு கோட்டுக்காக.

சூப்பர்வைசர் எல்லாரையும் கேண்டீனுக்கு அழைத்துப்போய் டீ சொன்னார். அடுத்த பிரச்சினை மாலை. பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சாவுக்கு என்று வாங்கியதை சாமிக்குப் போடக் கூடாது, பெண்ணுக்குப் போட நினைக்கவே கூடாது, திருப்பி எடுத்துப் போவதும் ஆகாது. இரண்டு அம்மாக்களும் இதை வெகு நேரம் பேசினார்கள். சூப்பர்வைசர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முதுகு திறந்த அந்த டிவிக்குப் போட்டார். "எல்லாம் இந்தப் பொட்டியாலதான வந்துச்சு? இதுக்கே கெடக்கட்டும்" என்றார். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி கண்ணைத் துடைத்தார். எதிர் டேபிளின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த ஊர்ல கால வெக்க மாட்டேன்னு சொன்னேன். பொண்ணு பூட்டான்னு கேட்டதும் ராவெல்லாம் எப்ப விடியும்னு கெடந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு பூக்காரம்மா சோடா வாங்கிக் குடுத்து, கையப் புடிச்சு தெரு வரைக்கும் வந்து வுட்டுட்டுப் போறா, யாரு எவருன்னு கேக்கல. செத்தவளுக்கு வந்தேன், உசுரோட கீறவளுக்கு வரலன்னா நான் இன்னா மனுஷி? ஐப்பசியில நாள் பாருங்க."

ஐப்பசி. எதிர் டேபிள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மூச்சு முட்டியது, அவள் இழுத்த இழுப்பிலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு வந்தாரோ. அவர் டம்ளரில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது. எல்லாரும் நாள், மண்டபம் என்று பேச ஆரம்பித்த பிறகு, அவர் தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலே தெரிந்த முகத்தைப் பார்த்து, சித்திரை மாதம் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"நேத்து ஒண்ணாவது எந்தப் பாட்டு வந்துது? எங்க ஊர்ல கரண்ட் பூட்ச்சி."

எதிர் டேபிள் என் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தலையில் இருந்த பிளாஸ்டிக் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நம்ம பாட்டுதான்" என்றாள்.

அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். கணக்கில் ஒன்று தப்பினாலும் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். லைன் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒன்றாவது வந்தது வேறு பாட்டு என்று அந்தக் கேண்டீனில் ஒன்பது பேருக்குத் தெரியும். ஒன்பது பேரும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.